இரண்டாம் பாதி

புதுசாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்த இரும்புப்பெட்டியில் காதை வைத்தான் பூனை. எத்தனையோ பெட்டியை உடைத்தவன்தான். ஆனால் இப்படி நிம்மதியாகத் திறக்க உட்கார்ந்ததே கிடையாது.

பின்னே? பட்டப்பகல், தகரக்கொட்டகை, எதிரே முக்காலியில் கேமரா. பேசாத படம்தான்; திருடன் திருந்தித் துப்பறிகிறவனாகிற கதை. அசல் திருடனே நடிக்கட்டும் என்று டைரக்டர் அவனைத் தேடிப்பிடித்திருந்தார்.

இரண்டாம் பாதியைத்தான் முதலில் எடுத்தார்கள். காலையெல்லாம் கோட்டும் தொப்பியுமாக ஒரு திருடனை விரட்டிப் பிடித்தான் பூனை, பதினாலு தடவை. கேமராக்காரன் ஒருமுறைகூட ஃபிலிம் சுருள் மாற்றாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பாவம், என்ன உழைப்பு என்று பூனைக்கு இரக்கமே வந்துவிட்டது.

ஏழு வருஷமாக அவன் யார் வீட்டு ஊசியையும் தொடவில்லை. மகள் நம்பவேண்டுமே! "நாய் வாலை நிமிர்த்த முடியுமாப்பா?" என்று கதவைச் சாத்திவிடுகிறாள். அந்தக் கோட்டுக்காரனைப் படத்தில் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும்.

"நடிக்காதீங்கண்ணே. உங்க கைக்கு எப்படி வருதோ அப்படியே திறங்க," என்றார் டைரக்டர்.

குமிழைத் திருகினான். உள்ளே கடைசிச் சொடுக்கு விழுந்தது. கதவை முழங்காலால் இலேசாக மேலே நெம்பிவிட்டுக் கைப்பிடியை இழுத்தான். திறந்துகொண்டது.

போலீஸ் வேஷத்தில் இரண்டு பேர் விலங்கோடு வந்தார்கள். பூனை சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். மாட்டியதும் சிரிப்பு நின்றது. அசல் விலங்கின் கனம் தெரியாத கையா அது!

"பெயின்ட்தாண்ணே புதுசு. கொள்ளைபோன நகைக்கடைப் பெட்டியேதான் இது, கீல் தொங்கிப்போனது. முழங்கால் குடுத்தாத்தான் திறக்கும்னு நகைக்கடை முதலாளிக்குத் தெரியும். ஏழு வருஷம் முன்ன காவக்காரனக் கொன்னுட்டுத் திறந்தவனுக்கும் தெரியும்," என்றார் டைரக்டர்.

"சார்... நீங்க?"

"நானும் உங்க தொழில்ல இருந்தவன்தாண்ணே. இப்ப போலீசுக்குத் துப்பறியறேன். கதை என்னோடது."

காவல்காரனைத் தள்ளித்தான் விட்டேன், சாவான் என்று தெரியாது என்று பூனைக்கு வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? இனி தூக்குக்கயிறுதான்.

"ஒண்ணே ஒண்ணு சார். காலைல கோட்டுப் போட்டு எடுத்தீங்களே, அத மட்டும் என் பொண்ணுக்கு ஒரு தடவ காட்டிடுங்க."

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேமராவுல ஃபிலிமே போடலண்ணே."