கால்சட்டையில் பூசிய வாசனை

கொம்பு நீண்ட மான்தலையைக் கூடத்துச் சுவரில் மாட்டும்வரை தாடி எடுப்பதில்லை என்று ஊரறியச் சபதம் போட்டிருந்தார் தெய்வநாயகம். ஆண்மானை இழுக்க, முந்தாநாள் தான் சுட்ட பெட்டை மானின் மூத்திரப்பையைப் பிழிந்து கால்சட்டையில் பூசிக்கொண்டு புதரோரம் நின்றார்.

“இனி வராம எங்கடா போகும்?”

வந்தது ஒரு குட்டி. நேரே ஓடிவந்து அவர் தொடையை முட்டி முட்டி மடி தேடியது.

வழிகாட்ட வந்த ஒச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாலக் குடுங்க எசமான்!” சட்டென்று நிறுத்திக்கொண்டான். “அதோட ஆத்தாளத்தான் முந்தாநாளு…”

தள்ளிவிட அவருக்குக் கை எழவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஜீப் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சின்னக் குளம்புகளில் சருகு மிதிபடும் சத்தமும் நிற்கவில்லை.