ஜைத்தூன் சக்களத்தி

கட்டிலில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த ஆசிப்பின் தலைக்குப் பின்னால் அந்த ஜைத்தூன் மரம் தெரிந்தது. அதன் உச்சிக் கிளையில் ஊதா நிறத்தில் ஒரு ஹேர் பேண்ட் மாட்டியிருந்தது.

இஃப்பத் பாதியில் பேச்சை நிறுத்தினாள்.

நேற்றுவரை அது வெறும் ஆலிவ் மரம். சக்களத்தி என்று மனதுக்குள் அவள் திட்டியதுண்டு. அதுவும் சிரித்துக்கொண்டே திட்டியதுதான். ஹேர் பேண்ட் போட்ட மரத்தைப் பார்த்து எந்தப் பொண்டாட்டியால் சிரிக்க முடியும்?

இங்கே லெப்பைக்குடிக்காட்டில் மாசி மாதத்து வெயில் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இங்கிலாந்தில், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆசிப்புக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தங்குவது ஒற்றை அறை. அந்த அறையில்தான் மரமும் தங்கியிருந்தது.

மூடப்போன பூக்கடையில் தொட்டியோடு சும்மா கொடுத்தார்கள் என்று சொன்னான். அன்று பிடித்தது சனியன். வேரில் பனி ஏறக் கூடாதென்று தொட்டிக்குக் கம்பளி சுற்றினான். மண்ணை விரலால் குத்திப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினான். ஹீட்டர் சூடு பட்டால் இலை கொட்டுமாம். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினான். இஃப்பத்துக்கு டைபாய்டு வந்தபோது மாத்திரை போட்டாயா என்று கேட்டதோடு சரி.

அறையைக் காட்டுங்கள் என்று கேட்டால் புதுத் தளிரைக் காட்டுவான்.

மனம்விட்டுச் சபிக்கவும் வழியில்லை. குர்ஆனில் அல்லாஹ்வே சத்தியம் செய்த மரம். வேறு ஏதாவது ரோஜாச் செடியாக இருந்திருந்தால், பட்டுப்போ என்று எப்போதோ சொல்லியிருப்பாள்.

ஆசிப் விமானம் ஏறியபோது அவர்களுடைய மகள் அஸ்ரின் குப்புற விழுந்து தலையைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். விசா சரியாகும்வரை அவனால் ஊருக்கு வர முடியாது. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதையெல்லாம் இஃப்பத் பொறுத்துக்கொண்டாள். ஆனால் பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டிய பாசத்தை ஒரு மனுஷன் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினால் எப்படிப் பொறுப்பது?

மகள் விஷயத்தில் அவன் தவறாமல் கேட்பது ஒன்றுதான். பெருநாளுக்குப் பெருநாள், சட்டை வாங்க அளவு. அதையும் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை கேட்பான். சட்டைக்கு எதற்குத் தலை என்றால் சிரித்து மழுப்புவான். கடைசியில் யார் கையிலாவது கொடுத்தனுப்பும் சட்டை தொளதொளவென்று வந்து சேரும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் அளவு கேட்ட அன்றும் முதலில் மரத்தின் பெருமைதான். அது அடங்காமல் வளர்கிறதாம், உச்சியைக் கிள்ளிவிட்டானாம். எரிச்சலில் இஃப்பத் டேப்பைத் தேடவே இல்லை. முந்தின வருஷத்து அளவையே சொல்லிவைத்தாள். பிள்ளை வளரவே இல்லையா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அவன் கேட்டான். வளர்ப்பு சரியில்லை என்று சொல்வதுபோல அவளுக்குப் பட்டது. அதே உயரம்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இன்றைக்கு அந்த மரத்தில் ஹேர் பேண்ட்.

எவளோ ஒருத்தி அந்த அறைக்கு வந்துபோகிறாள். முடியை அவிழ்த்துவிட்டு, கைக்கு எட்டிய கிளையில் அதை மாட்டியிருக்கிறாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"யாருது மச்சான் அது?"

ஆசிப் திரும்பி மரத்தைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அசடு வழியச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் போனைச் சுவரில் விட்டெறியலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிய அஸ்ரின், போனில் தகப்பனைப் பார்த்ததும் அத்தா, அத்தா என்று புத்தகப் பையோடு ஓடிவந்து அம்மாவை ஒட்டி நின்றாள்.

ஆசிப் போனை ஜன்னலில் சாய்த்துவைத்தான். பின்னால் போய், மரத்துக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றான். ஹேர் பேண்டை நேராக்கிவிட்டு, உச்சியில் உள்ளங்கையை வைத்தான்.

"நம்ம பிள்ளைக்கு வாங்குனதுதான். அவ உசரந்தான் இது, நீ சொன்ன அளவு. அதுக்கு மேல போச்சுன்னா கிள்ளிவுட்ருவேன்."

வேலைக்குக் கிளம்பும்போதும் வந்த பிறகும் இப்படி ஒரு தடவை கை வைத்துக்கொள்வானாம். ஊருக்கு வருகிற அன்று மகளின் தலை எங்கே இருக்கிறது என்று கை தேடக் கூடாதாம்.

அங்கே அவன் கை இடுப்புக்கு மேலே போகவில்லை. அந்த உயரத்திலேயே, தலையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி, இலைகளின் மேல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. இங்கே, நின்றுகொண்டிருந்த இஃப்பத்தின் நெஞ்சில் அஸ்ரினின் தலை இடித்தது.

"போனை வச்சிராதீங்க மச்சான்," என்றாள். "டேப்பு எடுத்தாறேன். பிள்ள வளந்துட்டா."