தேங்காய் உடைக்க வந்த ரோபோ

ஒரு ரோபோவின் கழுத்தை நெரித்துக் கொன்ற ஒரே ஓய்வுபெற்ற வாத்தியார் உலகத்திலேயே நான்தான். எங்கள் பள்ளியில் ரோபாட்டிக்ஸ் வகுப்பு தொடங்கிய அன்று, பூஜைக்குத் தேங்காய் உடைக்க மாணவிகள் அதைச் செய்து கையில் அரிவாளும் கொடுத்திருந்தார்கள். உருண்டையாக எது பளபளத்தாலும் வெட்டும். தேங்காய் சிதறியதும் தலைமையாசிரியர் பூவராகனின் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டது. முதல் வெட்டில் மைக் இரண்டானது. அடுத்த வெட்டில் அவர் காது பாதி பறந்தது. பாய்ந்து நெரித்தேன் பாருங்கள், மூச்சுத் திணறி, காலை உதறிச் செத்தது!

"மெஷினுக்கு ஏதுங்க மூச்சு? பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றே பூவராகன் எல்லாரிடமும் சொல்லி வந்தார்.

நேற்று டீக்கடையில் நான் கேட்காமலே குனிந்துகொண்டு சொன்னார்: "திணறுச்சு சார். அந்த மூச்சு என் மூஞ்சியிலதான் பட்டுச்சு. சூடா இருந்துச்சு."