கரடிக்குச் சொன்ன பாடம்

மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பிள்ளையின் அப்பா தலைமை ஆசிரியையிடம் புகார் கொடுத்துவிட்டு, மனைவியோடு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் குரல் பக்கத்து வகுப்பு வரை கேட்டது. வாய்ப்பாடு பரீட்சையில் மகளுக்கு முட்டை. வீட்டில் அவள் அம்மா தினமும் பள்ளி விட்டதும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர் ஆபீஸ் விட்டு வந்து கேட்டால் பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கிறது பிள்ளை. இங்கே வந்தால் மட்டும் ஊமையாகிறது என்றால் தப்பு யார்மேல்?

"பரீட்சை வைங்கன்னா, கையில கரடி பொம்மையைக் கொடுத்து விளையாட விட்டிருக்கீங்க. நீங்க டீச்சரா, ஆயாவா?"

"மெதுவாப் பேசுங்களேன். டீச்சர் பயப்படறாங்க பாருங்க," என்று அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னாள்.

உண்மைதான். டீச்சர் விடைத்தாளை எடுத்து வைத்தாள். எழுதியதையெல்லாம் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்தது. அழித்த தடத்தில் தெரிந்த விடைகள் அத்தனையும் சரி.

அதனால்தான் வாயால் கேட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். அப்போதும் பிள்ளை பேசவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அதான் மூணாவதா, நீயே டீச்சரா இருந்து கரடிக்குச் சொல்லிக்கொடுன்னு விட்டேன். ஒரு பிசகு இல்லாம அத்தனையும் சொல்லிக்கொடுத்தா, சார்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் மார்க்கைப் போட்டுக் கொடுங்கள், கிளம்புகிறோம் என்றார்.

அத்தோடு அனுப்பிவிடத்தான் டீச்சருக்கும் ஆசை. புதிதாக வந்தவள் பேச்சை யார் நம்புவார்கள்? வேலையே போனாலும் போகும். ஆனாலும், பிள்ளைகள் பேசுவதைப் பேசியபடியே குறித்துவைக்கும் நோட்டைப் பிரித்தாள்.

"நடுவுல கரடி ஒரு கணக்கைத் தப்பாச் சொல்லிச்சாம், சார். இவ சத்தமே போடல. சட்டை போட்டா மறையற இடமாப் பார்த்து அதைக் கிள்ளினா. அப்புறம் மடியில போட்டுக்கிட்டு என்னவோ சொன்னா. அதை அப்படியே எழுதி வச்சிருக்கேன்."

தன்னால் அதை வாய்விட்டுப் படிக்க முடியாது என்று தோன்றியது. நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

மூடுவதற்கு அவர் மனைவியின் கை நீண்டது. அதற்குள் அவர் படித்துவிட்டிருந்தார்:

'அழுதது போதும், கண்ணா. போய் மூஞ்சி கழுவிட்டு வா. அப்பா வந்து கேட்டா, சிரிச்சுக்கிட்டே சொல்லணும்.'