ஒரு அத்தியாயம் மட்டும் பொய்

"புத்தகக் கடைக்காரங்க இணையதளத்துல வாசகர் கருத்து வந்திருக்கு. படிக்கட்டுமா?" என்று கைபேசியோடு வந்தாள் மனைவி.

எழுத்தாளர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பேர்பெற்ற ராக் இசைக்குழு ஒன்றின் கதையை, அந்த நால்வரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒவ்வொருவருக்கும் ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தார். ஒரு வரி பொய்யென்றாலும் கோர்ட்டுக்கு இழுப்போம் என்று அவர்களுடைய மேனேஜர் மிரட்டியிருந்தார்.

"'நடுநிலை வாசகன்'னு ஒருத்தர். 'பாடகர் கண்ணாடி முன்னாடியே குடியிருப்பார்ங்கிறது பச்சைப் பொய். மத்ததெல்லாம் அப்பட்டமான உண்மை.'"

"போச்சு!"

"அடுத்தவர். 'டிரம்மர் கஞ்சன்னு எழுதினது அபாண்டம். மத்த மூணு பேரையும் புட்டுப்புட்டு வெச்சிருக்கீங்க, சபாஷ்!'"

"அதுவும் போச்சா?"

"'கிடார்காரர் மேடையில தூங்கினதே கிடையாது. மீதியெல்லாம் நேர்ல பாத்த மாதிரி இருக்கு.' இன்னொருத்தர், 'கீபோர்டு வாசிக்கிறவர் பயந்தாங்கொள்ளியா? எழுதக் கை கூசலையா? மத்ததெல்லாம் சத்தியம்.'"

"நாலு பேர் கதையும் பொய்னு ஆயிடுச்சு. முதல்ல வக்கீலைப் பாக்கணும்."

"இருங்க. புத்தகம் நாளைக்குத்தானே கடைக்கு வருது? அதுக்குள்ள யாரு படிச்சாங்க?"

"யாரும் படிச்சிருக்க முடியாதே! மரியாதைக்காக அந்த நாலு பேருக்கு மட்டும்தான் ஆளுக்கொரு பிரதி..."

பாதியிலேயே நிறுத்தி, துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "தாராளமா கோர்ட்டுக்குப் போகட்டும்ங்க. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நமக்கு மூணு மூணு சாட்சி இருக்கு!"