காற்று போகும் வழி

“கையில என்னடா அது?”

எல்வின் போட்ட சத்தத்தில் படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

எல்வினின் வேகப்படகின் பின்பக்கம் குனிந்திருந்த யுகேந்திரன் நிமிர்ந்தான். இஞ்சின் மூடி திறந்து கிடந்தது. அவன் கையில் கசங்கிய பழந்துணி. பக்கத்தில் எல்வினின் அப்பா ஸ்டானிஸ்லாஸ் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

போன தடவை கோத்தா திங்கியில், இதே ஆற்றில் நடந்த படகுப் பந்தயத்தில், முதலில் வந்தவன் இந்த யுகேந்திரன்தான். எல்வினின் இஞ்சின் பாதி தூரத்திலேயே திணறிவிட்டது. ஏன் என்று குடைந்து குடைந்து பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தான். மூடிக்குள் அடைபட்ட சூட்டுக் காற்றையே இஞ்சின் இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் வேகம் எங்கிருந்து வரும்?

கூலாயில் தன் வீட்டு வாசலில் படகைப் போட்டு, மூடியின் முன்பக்கம் வழி வெட்டினான். வெளிக்காற்று குளிர்ச்சியாக நேரே இஞ்சினுக்குள் போகும்படி அகலமான குழாய் வைத்தான். தண்ணீர் தெறித்து உள்ளே போகாமல் தடுப்பும் போட்டான். சோதனை ஓட்டத்தில் படகு சீறிய சீறலில் அதன் மூக்கு மேலே தூக்கியது.

இன்று காலை வந்ததிலிருந்தே யுகேந்திரன் அந்தக் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தான். “எப்படிலா வளைச்ச இதை? சூப்பரா இருக்கே!” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே எல்வினுக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவைக் காவலுக்கு வைத்துவிட்டு பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப் போனான். திரும்பி வந்தால் இந்தக் காட்சி.

“சொல்லுடா! குழாயை அடைக்கத்தானே வந்த?”

“அடைக்கல. எடுத்தேன்.”

“எடுத்தியா? அப்ப அடைச்சது யாரு, பேயா?”

யுகேந்திரன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

“பாத்தீங்களா, பதில் வரல!”

“விடு எல்வின்,” என்றார் அப்பா மெல்ல. “சண்டை வேணாம்பா. வா, வீட்டுக்குப் போலாம்.”

“நீங்க சும்மா இருங்கப்பா. இப்படியே விட்டுக் கொடுத்துத்தான் எல்லாரும் நம்ம தலைமேல ஏறுறாங்க.”

சத்தம் கேட்டுப் பந்தய ஏற்பாட்டாளர் மணியம் வந்தார்.

“யுகேந்திரன், அடுத்தவன் இஞ்சின்ல உனக்கென்ன வேலை?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“ஒண்ணும் இல்லாமயா கையில துணி இருக்கு? காரணத்தைச் சொல்லு.”

யுகேந்திரன் தரையைப் பார்த்தான்.

“சரி. இன்னிக்கு நீ ஆத்துல இறங்கக் கூடாது. உன் போட்டை வண்டில ஏத்து.”

“அலமாக்! இதுக்குத்தான் லாபிஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தானா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். யுகேந்திரன் தன் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

எல்வின் ஜெயித்தான். குளிர்ந்த காற்றைக் குடித்த இஞ்சின் கடைசி வரை திணறவே இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவன் கிளப்பிய நுரைதான் மிச்சம்.

சாயங்காலம் படகை இழுத்துக்கொண்டு கார் கூலாய்க்குத் திரும்பியது. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எல்வினுக்கு வாய் ஓயவில்லை. அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார்.

“நாளைக்கே படகுச் சங்கத்துல பேசப் போறேன்பா. இனிமே எந்தப் பந்தயத்துலயும் அவனைச் சேர்க்கக் கூடாது. திருட்டுப் பய!”

“காரை ஓரமா நிறுத்து.”

“ஏன்பா? உடம்புக்கு முடியலயா?”

“நிறுத்துடா!”

எல்வின் நிறுத்தினான். அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“துணியை அடைச்சது நான்டா.”

எல்வின் அப்பா பக்கம் திரும்பினான்.

“அன்னிக்கு உன் போட் மூக்கைத் தூக்கினதைப் பாத்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. கவுந்தா என்ன ஆகும்? காத்து கொஞ்சம் கம்மியாப் போனா வேகமும் கொறையும், நீ தோத்துட்டு இதை விட்டுடுவன்னு நெனச்சேன். நான் அடைச்சதை அந்தத் தம்பி பாத்துட்டான். ‘என்ன அங்கிள் இது! நடு ஆத்துல இஞ்சின் நின்னா, பின்னால வேகமா வர்ற போட் அவன் மேலயே ஏறிடும்’னு பதறிப்போய் எடுத்தான். அதுக்குள்ள நீ வந்துட்ட.”

எல்வின் காரை அணைத்தான்.

“அப்ப அவன் ஏன்பா அதைச் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தான். என்னைத் திரும்பிப் பாத்தான். வேணாம்னு உனக்குத் தெரியாம கையெடுத்துக் கும்பிட்டேன்டா.”