கணக்கில் வராத இரண்டு அம்பியர்

அன்று காலையில் மூன்றாவது தடவையாக ஜெனரேட்டர் நின்றபோது, ஆஸ்பத்திரியில் மின்வேலை பார்க்கும் வினாயகமூர்த்திக்கு அழுகை வரும்போல இருந்தது.

அது நின்றால் வார்டில் உள்ள கண்ணாடிப் பெட்டியும் குளிர்ந்துவிடும். மாதம் நிறையாமல் பிறந்த வவுணதீவுக் குழந்தை ஒன்று அதற்குள் கிடந்தது.

சண்டை தொடங்கிய நாளிலிருந்து வாவிக்கரை ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. இந்தக் கிழட்டு ஜெனரேட்டர்தான். ஐந்து அம்பியருக்கு மேல் இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சை விட்டுவிடும்.

மறுபடி கிளப்பிவிட்டு மீற்றரைப் பிடித்துப் பார்த்தான்.

இருநூற்றிருபது வோல்ட். ஆறு அம்பியர். பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்றிருபது வாட்.

எப்படி?

கண்ணாடிப் பெட்டி, தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ், ஒப்பரேஷன் அறை விளக்கு, தண்ணீர் மோட்டர். அவன் வயர் இழுத்துக் கொடுத்தது இந்த நான்குக்கும்தான். எல்லாம் சேர்ந்தே எண்ணூற்றெண்பது வாட். நான்கு அம்பியர்.

நான்கையும் ஒரு கணம் அணைத்துப் பார்த்தான். முள் பூச்சியத்துக்கு வரவில்லை. இரண்டில் நின்றது.

இருநூற்றிருபதை இரண்டால் பிரித்தான். நூற்றிப்பத்து ஓம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விளங்கவில்லை.

மோட்டர் என்றால் தொடங்கும்போது முள் துள்ளும். வயர் ஈரத்தில் கசிந்தால் ஆடும். இதுவோ அசையவே இல்லை. யாரோ எதையோ நிதானமாகச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை அங்கே விறைத்துக் கிடக்க, இங்கே யாருக்குத் தேத்தண்ணி கொதிக்கிறது?

கோபத்தோடு தேடியபோது, ஜெனரேட்டரின் பின்பக்கத்தில் அவன் இழுக்காத வயர் ஒன்று தெரிந்தது; அதைப் பிடித்துக்கொண்டே போனான். அது உடுப்புத் தோய்க்கும் கொட்டிலைத் தாண்டி, பாவிக்காத களஞ்சிய அறைக்குள் நுழைந்தது.

வாசலில் வார்டுத் தாதி ஆச்சிப்பிள்ளை மிஸ்ஸி நின்றார். ஜெனரேட்டர் நின்ற ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து அவனை ஏசிய அதே மிஸ்ஸி.

அவர் மறிக்கவில்லை. அவன் கதவைத் தள்ளினான்.

சவர்க்காரக் கட்டிகள் வந்த ஒரு மரப்பெட்டி. அதன் உள்விளிம்பில் நூறு வாட் பல்ப் நான்கு, நாற்பது வாட் ஒன்று. அந்த நேரத்திலும் மனம் கூட்டிப் பார்த்தது. நானூற்று நாற்பது. சரி.

நடுவில், பழைய சாரித் துண்டில், உள்ளங்கை இரண்டில் அடங்கிவிடும் ஒரு குழந்தை.

பதிவுப் புத்தகத்தில் இல்லாத குழந்தை. தினமும் காலையில் ஆமிக்காரர் வந்து போராளிகளைத் தேடி அந்தப் புத்தகத்தைப் புரட்டுவது ஊருக்கே தெரியும்.

"பேரெழுதினா, தாய் ஆரெண்டு கேப்பானுகள், தம்பி" என்றார் மிஸ்ஸி.

தாய் யாரென்று அவன் கேட்கவில்லை. திரும்பி வந்தான். எதை நிறுத்துவது என்று தெரியாமல் நான்கு வயர்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீர் மோட்டரின் வயரைக் கழற்றினான்.

முள் நான்குக்கு இறங்கியது. ஜெனரேட்டரின் இரைச்சல் தணிந்தது.

டொக்டரின் அறைக்கு நடந்தான். போன மாதம்தான் புதிதாக வாங்கிப் பூட்டிய மோட்டர். யார் நம்புவார்கள்?

"தண்ணி மோட்டர் எரிஞ்சு போச்சு, ஐயா. இனிக் கிணத்தில அள்ளத்தான் வேணும். நானே அள்ளித் தாறன்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த அஞ்சு பல்ப்பும் போதுமா, தம்பி?"